மஞ்சளில் இருப்பதை மட்டும்

அத்தியாயம் 6

முப்பத்து நான்கு தாள்களையும் மேஜைமேல் பரப்பியதும் எங்கள் அலுவலகத்துக்கு முதன்முறையாக ஒரு களை வந்தது. நீலம், சிவப்பு, பச்சை என்று பொடிப் பொடி எழுத்துகள். எழுந்து போகப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு முன்னால் துணிக்கடைக்காரன் கடைசி முயற்சியாக உதறி விரித்ததுபோல் இருந்தது.

"இதுல மஞ்சள் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க," என்றார் வந்திருந்த பெண்மணி. "நாலு மணிக்குள்ள வேணும்."

மணி ஒன்றரை.

"மஞ்சளா? அக்கா, கடை மாறி வந்துட்டீங்க. பெயிண்ட் கடை எதிர் வரிசை," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பாஸும் சிரிக்கவில்லை. பாஸ் சிரிக்காதது எனக்குப் பழக்கம். இவர் சிரிக்காததில் வேறு ஏதோ இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பாஸ் என்று நான் கூப்பிடுகிறவர் ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண். துப்பறிய வருமுன் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடைத்தெருவில் அவருக்குத் தராசு என்று பெயர். ஒரு நாள் எங்கள் அப்பாவின் கடைக்குள் நுழைந்து, எடைக்கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இதுல இருபது கிராம் லீவுல போயிருக்கே" என்றார். அப்பாவின் கடை மூடியது. நான் இவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இது கொசுறு, இதுக்குத் தனியா நீங்க எதுவும் தர வேணாம்" என்பார். அதுவே என் பெயராகிவிட்டது.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா," என்றார் பாஸ்.

மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவர் அந்த அக்கா. நாற்பது வயது இருக்கும். மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதுபோல் சொற்களை அளந்து அளந்து வெட்டிப் பேசினார்.

"என் வீட்டுக்காரர் லிஃப்ட் கம்பெனியில புரோகிராமர். லிஃப்ட் எப்பக் கிளம்பணும், எங்க நிக்கணும்னு கம்ப்யூட்டர்ல எழுதறவர். என் தம்பிக்கும் அங்கயே வேலை வாங்கிக் கொடுத்தார். லிஃப்ட் மாட்டற வேலை. நாலு மாசம் முன்னாடி ஒரு புதுக் கட்டடத்துல, கதவு திறந்திருக்கு, தம்பி பாதி உள்ள பாதி வெளிய நின்னு ஸ்குரூ முடுக்கிட்டு இருக்கான். லிஃப்ட் கிளம்பிடுச்சு."

தாள் ஒன்றின் மூலை மடங்கியிருந்தது. அதை நீவிவிட்டார்.

"கதவு திறந்திருந்தா கிளம்பக் கூடாதே?" என்றார் பாஸ்.

"கூடாது. கூட இருந்த மெக்கானிக், வேலை சீக்கிரம் முடியணும்னு கதவு சுவிட்சுல கம்பி வெச்சு, கதவு மூடியிருக்குன்னு லிஃப்டை ஏமாத்தியிருக்கான்னு கம்பெனி சொல்லுச்சு. இல்லவே இல்லைன்னு அவன் சத்தியம் பண்றான். உள்ளதான் இருக்கான். நாளன்னிக்குத் தீர்ப்பு. அவன் அவசரக்காரன்னு தம்பி வீட்ல சொல்லியிருக்கான். நானே கூண்டுல ஏறி அதைச் சாட்சியா சொன்னேன்."

"உங்க வீட்டுக்காரர்?"

"தம்பி போய் மூணாவது வாரம். பஸ்ஸுல, ஜன்னலோர சீட்டுல. தூங்கறார்னு நெனச்சு கண்டக்டர் கடைசி ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டார். ஹார்ட்." ஒரு பழுப்பு நிற உறையைத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "மடியில இது இருந்துச்சு. பஸ் ஏறறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணினார். சொன்னதை அப்படியே சொல்றேன். 'ஒரு பிரிண்ட் எடுத்திருக்கேன். உனக்குப் புரியாது, பரவாயில்ல. மஞ்சள்ல இருக்கறதை மட்டும் படி. படிச்சிட்டு நீ என்ன சொல்றியோ அதைச் செய்யறேன்.' கடையில கூட்டமா இருக்கு, அப்புறம் பேசறேன்னு வெச்சிட்டேன்."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"டாக்டருங்க கையெழுத்தைப் பாத்து மருந்து கொடுக்கறவ நான். எனக்குப் படிக்க முடியாத எழுத்தே கிடையாதுன்னு அவர்கிட்ட பீத்திக்குவேன். இதுல ஒரு மஞ்சள் எழுத்தைக் கண்டுபிடிக்க முடியல. மஞ்சள் பேப்பர் தனியா இருந்து பஸ்ஸுல விழுந்திருக்குமோன்னு டிப்போவுக்கு நடையா நடந்தேன். காணாமப் போன சாமான் ரூம்ல இருக்கறவர் இப்ப என்னைப் பாத்ததும் தூரத்துலேர்ந்தே தலையாட்டறார்."

"நாலு மணி கணக்கு என்ன?"

"அவர் மேஜையில மஞ்சள் பேப்பர் ஏதாவது இருக்கான்னு கம்பெனிக்குப் போன் பண்ணினேன். எந்தப் பேப்பர்னு கேட்டாங்க. பைத்தியக்காரி, எல்லாத்தையும் சொல்லிட்டேன். கம்பெனி சொத்தைத் திருடிட்டுப் போயிருக்கார்னு நோட்டீஸ் வந்துடுச்சு. அவங்க வக்கீல் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து வாங்கிக்கறேன்னார். கொடுத்துட்டா அவ்வளவுதான், மஞ்சள் போச்சு." முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. "அந்த மெக்கானிக்கைப் பத்தி அவர் ஏதோ கண்டுபிடிச்சிருக்கார். என் தம்பியைக் கொன்னவன் தப்பிச்சிடக் கூடாதுன்னு அதை எழுதி வெச்சிருக்கார். தீர்ப்புக்கு முன்னாடி எனக்கு அது வேணும்."

நான் தாள்களைப் பொறுக்கி அடுக்கினேன். பக்க எண் ஒன்று முதல் முப்பத்து நான்கு வரை ஒன்றும் குறையவில்லை.

"பாஸ், பக்கம் எதுவும் காணாமப் போகல. அப்படின்னா மஞ்சளை மட்டும் யாரோ அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி பொறுக்கி எடுத்திருக்கணும். அந்த ஆளை நம்ம ஆபீஸ்ல சேத்துக்கலாம்."

"உருப்படியா ஏதாவது சொல்லு."

"சொல்றேன். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்துல நம்பர் இருக்கா? 405 முதல் 412 வரைக்கும் பாருங்க. நம்பர் மட்டும் இருக்கு, எதிர்ல ஒண்ணுமே இல்ல. முதல் பக்கத்துல அப்படி அஞ்சு வரி. கடைசிப் பக்கத்துல இன்னும் ஒரு கும்பல். கடையில இல்லாத சரக்குக்கு எங்க அப்பாகூட நம்பர் போட்டதில்ல."

பாஸ் அந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "அவர் வீட்ல வேலை பாக்கறப்ப ஸ்கிரீனைப் பாத்திருக்கீங்களா?"

"எதிர்ல உக்காந்து நான் சாப்பிட்டுட்டு இருப்பேன். ஸ்கிரீன் தெரியாது. அவர் மூக்குக்கண்ணாடியில தெரியும். பொட்டுப் பொட்டா மஞ்சளும் நீலமும். சுத்தி ஒரே கறுப்பு. தூரத்துல ஒரு ஊர் விளக்கு தெரியற மாதிரி இருக்கும்."

பாஸ் சட்டென்று ஒரு தாளை எடுத்து உள்ளங்கையில் கிடத்தினார். அப்பாவின் எடைக்கல்லைப் பிடித்த அதே கை. இரண்டு முறை மெல்ல ஏற்றி இறக்கினார்.

"கொசுறு, நாம தப்பான கலரைத் தேடிட்டு இருக்கோம். மஞ்சளை விடு. கறுப்பு எங்க போச்சு?"

மேஜையைப் பார்த்தேன். முப்பத்து நான்கு தாள்களும் பளிச்சென்ற வெள்ளை.

*

உறையின் பின்புறம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். 'கலர் பிரிண்ட், ஜெராக்ஸ், பைண்டிங்' என்ற வரியும் பாதி அழிந்த போன் நம்பரும். கடைசி இரண்டு எண்களை ஊகித்து நான் சுற்றியதில் முதலில் ஒரு முடிதிருத்தும் நிலையம் கிடைத்தது, அடுத்து ஒரு பல் டாக்டர் கிடைத்தார், மூன்றாவதாக அந்தக் கடை கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு.

போய்ச் சேர்ந்தபோது இரண்டே முக்கால். உள்ளே இரண்டு ஜெராக்ஸ் மெஷின்கள், ஒரு கம்ப்யூட்டர், சுருள் கம்பி கோக்கும் கருவி, எழுத்து தேய்ந்த ஒரு கீபோர்டு. சுவரில் கறுப்பு பார்டர் போட்ட விலைப் பட்டியல். காதில் பென்சில் செருகிய கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை சதவீதம் தள்ளுபடி கேட்கப் போகிறோம் என்று கணக்குப் போடும் பார்வை. அந்தப் பார்வையைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

பாஸ் தாள்களைக் காட்டினார்.

"அட, லிஃப்ட்காரர்!" என்றார் அவர். "மறக்க முடியுமா? ஒரு மணி நேரம் உயிரை வாங்கினார். ஸ்கிரீன்ல இருக்கற மாதிரியே கலரோட வேணும்னார். நான் எழுத்தைக் காப்பி பண்ணி ஒட்டினேன், கலரெல்லாம் உதிர்ந்து போச்சு. கறுப்பு எழுத்தாவே எடுத்துக்கங்க சார், படிக்கத்தானேன்னேன். முடியாதுன்னு அவரே கலரோட வேற மாதிரி சேமிச்சுக் கொடுத்தார். பிடிவாதக்காரர். ஏன், என்ன ஆச்சு அவருக்கு?"

நான், "இறந்துட்டார். இவங்க அவர் மனைவி," என்றேன்.

பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது.

"எல்லாம் நல்லாத்தான் அடிச்சுக் கொடுத்தேன்," என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

கேட்காத கேள்விக்கு வரும் பதில்தான் எங்கள் தொழிலின் சாப்பாடு. பாஸ் ஒரு தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டினார்.

"பக்கம் பூரா கறுப்பு அடிச்ச தாள் விறைப்பா இருக்கும். ஓரம் சுருளும், கையில கனம் தெரியும். இது இப்பத்தான் கட்டுலேர்ந்து உருவின மாதிரி வளையுது. ஸ்கிரீன்ல இருக்கற மாதிரியே வேணும்னு கேட்டவருக்கு நீங்க அளவு குறைச்சிருக்கீங்க."

"அம்மா, நீங்க யாரு?"

"முன்னாடி எடை அளவுத் துறையில இருந்தேன்."

வியாபாரிகளுக்கு அந்தத் துறையின் பெயர் போதும். அடுத்த நிமிடம் அவர் சுவரில் சாய்ந்திருந்தார்.

"மாதிரிக்கு ஒரு பக்கம் கறுப்பாத்தான் அடிச்சுக் காட்டினேன். பாத்துட்டு, இதேதான், எல்லாத்தையும் இப்படியே அடிங்கன்னு சொல்லிட்டு, போன் பேசிட்டு வரேன்னு வெளிய போனார்."

"எனக்குத்தான் பேசினார்," என்றார் அக்கா.

"அந்த நேரத்துல..." அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். "பின்னணியையும் அச்சிடவான்னு ஒரு சின்னக் கட்டம் வரும். அதுல இருந்த டிக்கை எடுத்துட்டேன். முப்பத்து நாலு பக்கம் கறுப்பு அடிச்சா ஒரு டப்பா மை காலிம்மா. எழுத்துதானே வேணும், எழுத்து கலர்ல வந்தாப் போதாதான்னு நெனச்சேன். அவர் வர்றதுக்குள்ள உறையில போட்டு ஒட்டிட்டேன். அவரும் பிரிச்சுப் பாக்கல."

"மாதிரிப் பக்கத்தைக் காட்டித்தான் விலை பேசினீங்க," என்றார் பாஸ்.

எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் வலிக்காது என்று எடுக்கிற இருபது கிராம்.

"அம்மா," பாஸ் அக்காவின் பக்கம் திரும்பினார், "மஞ்சள் எங்கயும் போகல. இந்தத் தாள்லயேதான் இருக்கு. வெளிர் மஞ்சள். கறுப்புமேல இருந்தா விளக்கு மாதிரி எரியும். வெள்ளைமேல விழுந்தா கண்ணுக்கே தெரியாது. நம்பர் மட்டும் போட்ட காலி வரி எதுவும் காலி இல்ல."

அக்கா ஒரு தாளைப் பிடுங்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். சாய்த்தார், கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "ஒண்ணும் தெரியலையே. ஒண்ணுமே தெரியலையே," என்றார். மூன்று மாதத்தையும் அந்த ஒரு நிமிடத்தில் மறுபடி தேடினார்.

"மாதிரி அடிச்ச பக்கம் எங்க?" என்று கேட்டார் பாஸ்.

கடைக்காரர் சுவரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். விலைப் பட்டியலைச் சுற்றியிருந்த அந்தக் கறுப்பு பார்டர்.

"வீணாப் போகுதேன்னு..." என்று இழுத்தார். "ஓரம் அழகா இருந்துச்சு. பட்டியலை மேல ஒட்டி மாட்டிட்டேன்."

"அடிச்சதைப் படிக்கவே மாட்டீங்களா?" என்றேன்.

"அடுத்தவங்க பேப்பரைப் படிக்கறது எங்க தொழில்ல கூடாது தம்பி."

மையில் கை வைக்கலாம், எழுத்தில் கண் வைக்கக் கூடாது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நாணயம்!

பாஸ் நான்கு மூலையிலும் டேப்பை உரித்து, பட்டியலைத் தனியாக எடுத்தார். அடியில் கன்னங்கரேலென்று ஒரு பக்கம். அதில் நீலமும் சிவப்பும் பின்வாங்கி நின்றன. அவற்றுக்கு மேலே, சற்று முன் எழுதியதுபோல், ஐந்து மஞ்சள் வரிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு சாய்ந்த கோடுகள். கம்ப்யூட்டர் மொழிக்கு நடுவே தமிழ்.

*// மா, இதை நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல.*
*// அதான் எனக்கு எழுதத் தெரிஞ்ச இடத்துல எழுதறேன்.*
*// முன்னாடி இந்த ரெண்டு கோடு போட்டா அந்த வரி மஞ்சளாயிடும். மெஷின் அதைப் படிக்காம தாண்டிப் போயிடும்.*
*// மனுஷங்க மட்டும்தான் படிப்பாங்க. நீ படி.*
*// நம்ம தம்பியைப் பத்தி.*

அக்கா அந்தப் பக்கத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "நான்தான் சொன்னேனே," என்றார் எங்களைப் பார்த்து. கண்ணில் நீர் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வெற்றியும் இருந்தது. "தம்பியைப் பத்தி எழுதியிருக்கார்னு சொன்னேனே. அந்த மெக்கானிக் மாட்டினான். மத்ததை எப்படிப் படிக்கறது?"

கடையில் சுருள் கம்பி கோத்துக் கட்டும் நோட்டுகளுக்கு மேல் அட்டையாகப் போட, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள்கள் ஒரு கட்டு இருந்தன. சிவப்பு, பச்சை, நீலம். பாஸ் நீலத்தை உருவினார்.

"மஞ்சளுக்கு நீலம் ஆகாது. நீலத்துக்கு அடியில மஞ்சள் கறுத்துப் போகும்."

405-ஆம் வரி இருந்த தாளின்மேல் அதை வைத்தார். வெள்ளைத்தாள் நீலமானது. காலி இடத்திலிருந்து எழுத்துகள் மெல்ல, தண்ணீருக்கு அடியிலிருந்து முகம் மேலே வருவதுபோல் வந்தன.

"நான் படிக்கவா?" என்றேன்.

"வேணாம், நானே படிக்கறேன். படிக்க முடியாததைப் படிக்கறதுதான் என் வேலை."

மருந்துச் சீட்டைப் படிக்கும் வேகத்திலேயே தொடங்கினார். "மெக்கானிக் கதவு சுவிட்சைத் தொட..."

நின்றார். மறுபடி தொடக்கத்துக்குப் போனார்.

"மெக்கானிக் கதவு சுவிட்சைத் தொடவே இல்ல." நீல அட்டையை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார். எழுத்து மாறவில்லை. தாளை என் பக்கம் தள்ளினார். "நீ படி தம்பி."

அதுவரை அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை.

படித்தேன்.

*// கீழ 412-ஐப் பாரு. கதவு மூடியிருக்கான்னு லிஃப்ட் கேக்கற வரி அது ஒண்ணுதான்.*
*// என் மேஜைமேல வெச்சு ஓட்டிப் பாக்கறப்ப கதவே கிடையாது. அதனால கேட்டுக் கேட்டு நின்னுடுச்சு.*
*// ரெண்டு கோடு போட்டு அந்த வரியை மஞ்சளாக்கி வெச்சேன். ஒரு நாளைக்குத்தான்னு வெச்சேன்.*
*// திரும்ப எடுக்க மறந்துட்டேன்.*
*// அது அப்படியே நம்ம தம்பி மாட்டின லிஃப்டுக்குப் போயிடுச்சு. கதவைப் பத்திக் கேக்காமலே கிளம்பிடுச்சு.*
*// முந்தாநாள்தான் பாத்தேன். நான்தான் மா.*

412-இல் தமிழ் இல்லை. ஒரே ஒரு வரி கம்ப்யூட்டர் மொழி. அதன் முன்னால் இரண்டு சாய்ந்த கோடுகள். லிஃப்டின் கண்ணுக்குத் தெரியாமல் போன வரி. தாளிலும் தெரியாமல் கிடந்திருந்தது.

வாசலில் யாரோ பாஸ்போர்ட் போட்டோ கேட்டு வந்தார்கள். கடைக்காரர் பாதி ஷட்டரை இழுத்துவிட்டார்.

"கடைசிப் பக்கம்," என்றார் அக்கா. குரலில் ஒன்றுமே இல்லை.

நீல அட்டையைக் கடைசித் தாளுக்கு மாற்றினேன். சொல்ல வேண்டிய வேடிக்கை எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

*// மேனேஜர்கிட்ட சொன்னேன். மெக்கானிக்னு முடிஞ்சு போச்சு, வாயை மூடுன்னார்.*
*// ரெண்டு நாளா மூடிட்டு இருக்கேன். நீ தட்டு வெச்சே, சாப்பிட்டேன்.*
*// போய்ச் சொல்லுன்னு நீ சொன்னா நாளைக்கே போய்ச் சொல்றேன்.*
*// என் முகத்துல முழிக்காதேன்னாலும் சரி.*
*// மறைச்சிடலாம்னு மட்டும் சொல்லிடாதே மா. நீ சொன்னா நான் கேட்டுடுவேன்.*

கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோர்ட் வராந்தாவுல அந்த மெக்கானிக்கோட பொண்டாட்டி இந்தக் கையைத்தான் புடிச்சா. ஒரு நிமிஷம் கேளுங்கக்கான்னா. உதறிட்டு, கடைக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்பயும் விடாம போன் பண்ணிட்டே இருந்தா. நம்பரைத் தடுத்து வெச்சிட்டேன்."

பாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"அம்மா, உள்ளதைச் சொல்லிடறேன். அவரோட லேப்டாப் கம்பெனிகிட்ட இருக்கு. மஞ்சளோட இருக்கறது இந்தத் தாள் மட்டும்தான். வக்கீல்கிட்ட கொடுத்துட்டா அந்த மெக்கானிக்குக்கு இருக்கற ஒரே ஆதாரமும் போச்சு. கொடுக்காம கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போனா, நாளைக்கு ஊரே உங்க வீட்டுக்காரரைச் சொல்லும். நான் கருத்துச் சொல்லப் போறதில்ல. அவர் உங்களைத்தான் கேட்டிருக்கார்."

எத்தனையோ பேரத்தில் நான் குறுக்கே விழுந்து பேசியிருக்கிறேன். இதில் ஒரு தட்டில் செத்துப்போன கணவன், மறுதட்டில் யாரோ ஒருத்தியின் உயிரோடிருக்கும் கணவன். பாஸே முள்ளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

அக்கா கடைசித் தாளின்மேல் குனிந்தார். நீல அட்டையை எடுத்தார். எழுத்துகள் மறைந்து, வெறும் எண்கள் மட்டும் ஓரத்தில் நின்றன. அந்தக் காலி இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"போய்ச் சொல்லுங்க," என்றார்.

எங்களிடம் சொல்லவில்லை. அது எனக்குப் புரியச் சற்று நேரமானது.

*

பாஸ் போன் செய்து வக்கீலைக் கடைக்கே வரச் சொன்னார். அவர் வருமுன் கடைக்காரர் தானாகவே ஜெராக்ஸ் மெஷினைத் திறந்தார். கண்ணாடிமேல் நீல அட்டை, அதன்மேல் தாள், மூடி, வெளிச்சம். முப்பத்து நான்கு முறை. ஒவ்வொரு நகலையும் கண்ணுக்கருகே பிடித்து, மஞ்சளாக இருந்த எழுத்து கறுப்பாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்ததை வைத்தார்.

நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வக்கீல் ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு.

"அம்மா, சிரமத்துக்கு மன்னிக்கணும். கம்பெனி சொத்து. வாங்கிட்டுப் போயிடறேன்."

"நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் உங்க கம்பெனிது," என்றார் அக்கா. "மஞ்சள் என்னுது. அதனால தர முடியாது."

வக்கீல் ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த மஞ்சள்? இதுல மஞ்சளே இல்லையே?"

"நானும் மூணு மாசமா அதைத்தான் சொல்லிட்டு இருந்தேன்."

பாஸ் நகல் கட்டை அவர் கையில் வைத்தார். "இதை எடுத்துட்டுப் போங்க. அசல் இப்பவே மெக்கானிக்கோட வக்கீல்கிட்டப் போகுது. 405-ஆம் வரியிலேர்ந்து படிச்சுக்கிட்டே போங்க. உங்க மேனேஜர் கடைசிப் பக்கத்துல வர்றார்."

அவர் நின்றபடியே படித்தார். நல்ல பேச்சு எங்கோ போய்விட்டது. "இறந்தவரோட பேரையாவது நெனச்சுப் பாருங்கம்மா," என்றார் போகும்போது. அது மட்டும்தான் அவரிடம் மீதி இருந்தது.

பாஸ் கல்லாமேல் பணம் வைத்தார். கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இதுக்கு வேணாம்மா."

"வாங்கிக்கங்க. இந்தத் தடவை அளவு சரியா இருக்கு."

அவர் வாங்கவில்லை. அக்காவின் எதிரில் வந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் பென்சிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அன்னிக்கே கறுப்போட அடிச்சிருந்தா, அந்த ஆள் மூணு மாசம் உள்ள இருந்திருக்க மாட்டார். நீங்களும் டிப்போவுக்கு அலைஞ்சிருக்க மாட்டீங்க. ஒரு டப்பா மைக்கு..."

அக்கா அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவருக்கும் கொஞ்சம் இலேசாகியிருக்கும்.

"அன்னிக்கு அவர் வீடு வந்து சேர்ந்து, எதிர்ல உக்காந்து இதைச் சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா?" என்றார். "மறைச்சிடுங்கன்னு சொல்லியிருப்பேன். தம்பிதான் போயிட்டான், நீங்களாவது என்கூட இருங்கன்னு சொல்லியிருப்பேன். அவரும் கேட்டிருப்பார்." கறுப்புப் பக்கத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "என்னைப் பத்தி நல்லாத் தெரிஞ்சுதான் எழுதியிருக்கார்."

பிறகு போனை எடுத்தார். சிறிது நேரம் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி, தடுத்து வெச்ச நம்பரை எப்படி எடுக்கறது?"

ஒரு விரல் வேலை. செய்து கொடுத்தேன்.

மணி நான்கு. மூன்றாவது ரிங்கில் மறுமுனையில் எடுத்தார்கள். எடுத்தவர் பேசவில்லை. யாருடைய நம்பர் என்று அங்கேயும் தெரிந்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் மெஷின் சூடு ஆறும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான்தாம்மா," என்றார். "வெச்சிடாதீங்க."